ஹெல்த் எஜுகேஷன் கோர்ஸ்ல பார்ட் டைம் ஆசிரியர்களை எடுக்கறதுல இருந்து தக்க வச்சுக்கறது வரை: முழுமையான வழிகாட்டி

எம்பிஎச் (பொது சுகாதார முதுகலை), ஹெல்த் ப்ரமோஷன் டிப்ளமோ, எம்எஸ்டபிள்யூல (சமூகப்பணி முதுகலை) மெடிக்கல் அண்ட் சைக்யாட்ரிக் பிரிவு, இப்படி சுகாதாரக் கல்வி சொல்லித்தர்ற டிபார்ட்மெண்ட் எதுவா இருந்தாலும் டைம்டேபிளை எடுத்துப் பாருங்க, நாலஞ்சு கட்டத்துலயாவது "கெஸ்ட்"னு மட்டும் எழுதி பேர் போடாம விட்டிருப்பாங்க. செமஸ்டர் ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகியும் அந்த கட்டம் அப்படியே இருக்கும், அப்புறம் அவசரமா யாரையாவது போன் போட்டு கூப்பிட்டு, சிலபஸ் காப்பியை வாட்ஸப்ல அனுப்பி, "நாளைக்கு பத்து மணிக்கு வந்துடுங்க சார்"னு சொல்றது. கோர்ஸ் கோஆர்டினேட்டரா இருக்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன், கூடவே ஃபீல்டுல வேலை பார்த்துட்டு வகுப்பெடுக்க வரலாம்னு யோசிக்கிறவங்களுக்கும் ஸ்டெப் 10க்கு முன்னாடி ஒரு பகுதி இருக்கு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். காலியிடத்தை அடைக்கறதுக்காக பார்ட் டைம் ஆளை எடுக்காதீங்க. முழு நேர ஆசிரியர்கிட்ட இல்லாத ஒண்ணு அவர்கிட்ட இருக்கா, அதுக்காக எடுங்க. அப்படி எடுத்தா அவருக்கு செய்ய வேண்டியதை முழுசா செய்யுங்க. கீழ இருக்கற ஒவ்வொரு ஸ்டெப்பும் இதுல இருந்துதான் வருது.

ஸ்டெப் 1: எந்த பேப்பரை யாருக்கு கொடுக்கறதுன்னு முதல்ல பிரிங்க

ஆளைத் தேடறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை இது, ஆனா பெரும்பாலும் தலைகீழா நடக்குது, கிடைச்ச ஆளுக்கு ஏத்த மாதிரி பேப்பரை மாத்தறோம். ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து மொத்த சிலபஸையும் யூனிட் யூனிட்டா பிரிச்சு மூணு கலர்ல குறிங்க.

முதல் கலர், முழு நேர ஆசிரியர்கள் கையை விட்டுப் போகவே கூடாதது: ரிசர்ச் மெத்தட்ஸ், பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், எபிடெமியாலஜி அடிப்படை, பிஹேவியர் தியரிகள், டெசர்டேஷன் கைடு பண்றது. இதெல்லாம் ஒரு செமஸ்டரோட முடியற விஷயம் இல்ல. முதல் செமஸ்டர்ல சாம்ப்ளிங் புரியாத பையன் மூணாவது செமஸ்டர்ல டெசர்டேஷன் ப்ரபோசலோட வந்து நிப்பான், அப்போ அவனுக்கு சொல்லிக்கொடுத்தவர் அதே பில்டிங்ல இருக்கணும், கதவைத் தட்டினா திறக்கணும்.

ரெண்டாவது கலர், ஃபீல்டு ஆள் எடுத்தாத்தான் உயிர் வர்றது: ஹெல்த் கம்யூனிகேஷன், ஐஇசி மெட்டீரியல் (விழிப்புணர்வு போஸ்டர், நோட்டீஸ் மாதிரி) தயாரிக்கறது, ஸ்கூல் ஹெல்த், ப்ரோக்ராம் ப்ளானிங், தேசிய சுகாதாரத் திட்டங்கள், கவுன்சலிங், சமூகத்தை திரட்டறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வீடு வீடா போய் பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கற தன்னார்வலர்களை வேலை வாங்கின ஒருத்தர் வந்து என்சிடி (தொற்றா நோய்கள்) யூனிட் எடுத்தா எப்படி இருக்கும், புத்தகத்துல இருந்து நாம எடுத்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மாத்திரை கையில இருந்தும் ஏன் சாப்பிட மாட்டேங்கறாங்கன்னு அவருக்கு தெருப் பேர் சொல்லி சொல்லத் தெரியும்.

மூணாவது கலர், ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்க வேண்டியது. இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. என்னைக் கேட்டா இதுலதான் அதிக பலன் இருக்கு, அதைப் பத்தி ஸ்டெப் 6ல விரிவா சொல்றேன்.

ஸ்டெப் 2: எந்த பேர்ல எடுக்கறீங்கன்னு முடிவு பண்ணுங்க

கெஸ்ட் ஃபேகல்டி, கான்ட்ராக்ட், அட்ஜங்ட், ரிசோர்ஸ் பர்சன், ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ் எல்லாத்தையும் ஒரே மாதிரி பேசறோம், ஆனா ஒவ்வொண்ணுக்கும் விதி வேற.

கெஸ்ட் ஃபேகல்டின்னா யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019 ஜனவரியில சொன்னது ஒரு லெக்சருக்கு 1,500 ரூபாய், மாசத்துக்கு அதிகபட்சம் 50,000. தகுதி வழக்கமான அசிஸ்டெண்ட் ப்ரொஃபசருக்கு என்னவோ அதேதான், அதாவது நெட் (காலேஜ் ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வு) அல்லது பிஎச்டி மாதிரி விஷயங்கள். கான்ட்ராக்ட் நியமனம்னா யுஜிசியோட 2018 ரெகுலேஷன் மொத்த ஆசிரியர் பணியிடத்துல 10 சதவீதத்தை தாண்டக்கூடாதுன்னு சொல்லுது, அதுவும் ரொம்ப அவசியம்னா மட்டும்.

இங்கதான் ஹெல்த் எஜுகேஷனுக்கு ஒரு தனிச் சிக்கல். நமக்கு வேண்டிய ஆள் பெரும்பாலும் நெட் எழுதியிருக்க மாட்டார். முப்பது வருஷம் பிளாக்ல வேலை பார்த்த எக்ஸ்டென்ஷன் எஜுகேட்டர், ரிட்டயர்டு சமுதாய சுகாதார செவிலியர், டிபி ப்ரோக்ராம்ல சூப்பர்வைசரா இருந்தவர், இவங்களை கெஸ்ட் ஃபேகல்டின்னு ஃபைல் போட்டா ஆடிட்ல மாட்டும். அதுக்கு ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ். 2022 செப்டம்பர்ல யுஜிசி வழிகாட்டுதல் வந்துச்சு. துறையில குறைஞ்சது 15 வருஷ அனுபவம், அதுவும் சீனியர் லெவல்ல இருந்திருந்தா நல்லது, பிஎச்டி கட்டாயம் இல்ல, மொத்த அனுமதிக்கப்பட்ட பணியிடத்துல 10 சதவீதம் வரைதான், முதல்ல ஒரு வருஷம், அப்புறம் நீட்டிக்கலாம், மொத்தமா மூணு வருஷம், ரொம்ப விசேஷமான சூழ்நிலையில நாலு. ஏற்கனவே ஆசிரியரா இருக்கறவங்க, ஆசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவங்க இதுல வர முடியாது, அதனால பழைய எச்ஓடியை இந்த வழியில திரும்பக் கொண்டு வரலாம்னு நினைக்காதீங்க. சுகாதாரத்துறையில துணை இயக்குநரா இருந்து ரிட்டயர் ஆனவர், பெரிய என்ஜிஓல ப்ரோக்ராம் ஹெட்டா இருந்தவர், இவங்களுக்கு இது சரியா பொருந்தும்.

ரெண்டாவது, ரிசோர்ஸ் பர்சனா கூப்பிட்டு முழு நேர ஆசிரியர் ஒருத்தரோட சேர்ந்து பேப்பர் எடுக்க வைக்கறது. பேப்பருக்கு பொறுப்பு, மார்க், அட்டெண்டன்ஸ் எல்லாம் முழு நேர ஆசிரியர் பேர்ல இருக்கும், ஃபீல்டு ஆள் குறிப்பிட்ட யூனிட்களை எடுப்பார். வட்டார அளவுல வேலை பார்த்த அனுபவசாலிகளை விதியை மீறாம உள்ள கொண்டு வர எனக்குத் தெரிஞ்சு இதைவிட நேர்மையான வழி இல்ல.

நர்சிங், மெடிக்கல் காலேஜ் பக்கம் இருக்கறவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க, அங்க அந்தந்த கவுன்சிலோட ஆசிரியர் விதிகள்தான் முதல்ல வரும்.

ஸ்டெப் 3: ஆளைத் தேடறது

விளம்பரம் போட்டா நெட் பாஸ் பண்ணிட்டு வேலை தேடற இளைஞர்கள்தான் வருவாங்க. அவங்க வர்றது தப்பே இல்ல, ஆனா ரெண்டாவது கலர் பேப்பருக்கு நீங்க தேடற ஆள் விளம்பரம் பார்த்து வர மாட்டார், நீங்கதான் போகணும்.

உங்க மாணவர்கள் ஃபீல்டு போஸ்டிங் போற பிஎச்சியில (ஆரம்ப சுகாதார நிலையம்), டிபி யூனிட்ல, ஐசிடிசியில (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) யார் நல்லா சொல்லிக்கொடுக்கறாங்கன்னு மாணவர்களையே கேளுங்க. ரிட்டயர் ஆகப் போறவங்க லிஸ்ட் துறைக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விசாரிச்சு ஆறு மாசம் முன்னாடியே பேசி வைங்க. கம்யூனிட்டி ரேடியோ நடத்தறவங்க, குறும்படம் எடுக்கறவங்க, தெருக்கூத்து, பொம்மலாட்டக் குழுவோட சுகாதார நிகழ்ச்சி பண்ணினவங்க, எச்ஐவியோட வாழறவங்களோட அமைப்புல கவுன்சலரா இருக்கறவங்க, இவங்களையும் விடாதீங்க.

திண்டுக்கல் பக்கத்துல காந்திகிராமத்துல இருக்கற கிராமிய சுகாதாரம் மற்றும் குடும்ப நல நிறுவனம் ஆத்தூர் வட்டாரத்துல நடந்த ஒரு பைலட் சுகாதாரத் திட்டத்துல இருந்து வளர்ந்து 1964ல உருவான ஒண்ணு. ஊர்ல வேலை செஞ்ச அனுபவமே அங்க பாடமா மாறுச்சு, ஹெல்த் எஜுகேட்டர்களுக்கு பயிற்சி கொடுத்த பழைய இடங்கள்ல அது ஒண்ணு. நம்ம ஊர்ல சுகாதாரக் கல்வி ஃபீல்டுல இருந்துதான் வகுப்பறைக்கு வந்துச்சுங்கறதுக்கு இதை விட பக்கத்துல ஒரு உதாரணம் வேணாம்.

இன்னும் சர்வீஸ்ல இருக்கற அரசு ஊழியரைக் கூப்பிடறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 இருக்கு, சம்பளம் வாங்கிட்டு வெளியில வேலை பார்க்க முன் அனுமதி வேணும். அனுமதி கேட்டு உங்க யுனிவர்சிட்டி லெட்டர்ஹெட்ல அவரோட மேலதிகாரிக்கு நீங்களே கடிதம் எழுதிக் கொடுங்க. "அதெல்லாம் நீங்க பார்த்துக்கோங்க மேடம்"னு விட்டுட்டா பிரச்சனை வர்றப்போ மெமோ வாங்கறது அந்தம்மாதான்.

ஸ்டெப் 4: இன்டர்வியூவை விட ஒரு சின்ன வகுப்பு

முப்பது வருஷ அனுபவம் இருக்கறவங்க எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வந்துடாது. சிலர் வந்தா "எங்க காலத்துல"ன்னு ஆரம்பிச்சு சர்வீஸ் கதையிலயே மணி அடிச்சுடும், மாணவர்களுக்கு கேட்க நல்லா இருக்கும், பரீட்சைக்கும் உதவாது, வேலைக்கும் உதவாது. அதனால இருபது நிமிஷ வகுப்பு எடுக்கச் சொல்லுங்க, மாணவர்கள் நாலு பேரையும் உட்கார வைங்க. தலைப்பு நீங்க கொடுங்க, இப்படி: "உங்க வேலையில சரியா வராம போன ஒரு விழிப்புணர்வு முயற்சியை எடுத்துக்கோங்க, அது ஏன் ஓடலன்னு இவங்களுக்கு புரிய வைங்க." தோத்ததைப் பத்தி தெளிவா பேசத் தெரிஞ்சவர் நல்ல ஆசிரியரா வருவார், அனுபவத்துல பார்த்த வரை இந்தக் கேள்வி தப்பினதில்ல.

மரியாதைக்காக ஒரு வார்த்தை, ரிட்டயர்டு அதிகாரிகள்கிட்ட இதை "டெமோ கிளாஸ்"னு சொல்லாதீங்க, "பசங்களோட ஒரு தடவை பேசிப் பாருங்க சார்"னு கூப்பிடுங்க, சந்தோஷமா வருவாங்க.

ஸ்டெப் 5: ஆர்டரும் காசும்

வாய் வார்த்தையா எதுவும் வேணாம். வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில ஆர்டர் இருக்கணும், அதுல எத்தனை மணி நேரம், எந்த பேப்பர், ஒரு மணிக்கு எவ்வளவு, பயணப்படி உண்டா, கேள்வித்தாள் எடுக்கறதுக்கும் பேப்பர் திருத்தறதுக்கும் தனியா உண்டா, லீவு விட்டு வகுப்பு கேன்சல் ஆனா என்ன, பில் கொடுத்து எத்தனை நாள்ல காசு வரும், எல்லாம் எழுதியிருக்கணும்.

காசைப் பத்தி கொஞ்சம் விரிவா பேசணும், ஏன்னா இதுல நம்ம மனசுல ஒரு தப்புக் கணக்கு ஓடுது. மூணு கிரெடிட் தியரி பேப்பர்னா வாரம் 3 மணி நேரம், 15 வாரம், 45 மணி. யுஜிசி சொன்ன 1,500ஐ முழுசா கொடுத்தாலும் 67,500 ரூபாய், அஞ்சு மாச வேலைக்கு, மாசக் கணக்குல 13,500. பார்க்க "ஒரு மணிக்கு ஆயிரத்து ஐநூறா"ன்னு தோணும். ஆனா தயார் பண்ற நேரம், அசைன்மெண்ட் திருத்தற நேரம், மாணவன் போன்ல கேட்கற சந்தேகம் எல்லாம் எங்க போச்சு? அமெரிக்காவுல 2014ல முதலாளிகள் கொடுக்க வேண்டிய ஹெல்த் இன்சூரன்ஸுக்கு வேலை நேரத்தைக் கணக்கு பண்றப்போ பார்ட் டைம் ஆசிரியர்களுக்குன்னு அரசாங்கம் ஒரு அளவு ஏத்துக்கிச்சு, ஒரு மணி நேர வகுப்புன்னா மொத்தம் ரெண்டேகால் மணி நேர வேலைன்னு, ஆபீஸ் அவர் தனி. அந்தக் கணக்குல பார்த்தா நம்ம 1,500 ஒரு மணிக்கு 667 ரூபாய் ஆகுது. அதுவும் 1,500 கொடுக்கற இடத்துல. பல இடத்துல இதை விட ரொம்ப கம்மியா கொடுத்து அதையும் அடுத்த செமஸ்டர்லதான் கொடுக்கறாங்க.

நான் வகுப்பெடுக்கப் போன ஒரு காலேஜ்ல பில்லை மூணு டேபிள் சுத்த விட்டாங்க, ஒரு டேபிள்ல அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் ஜெராக்ஸ் இல்லன்னு திருப்பி, இன்னொரு டேபிள்ல பான் கார்டு நகல்ல கையெழுத்து இல்லன்னு திருப்பி, காசு வந்தப்போ அந்த பேட்ச் பாஸ் ஆகி வெளிய போயிருந்துச்சு. அந்த அனுபவத்துக்கு அப்புறம் ஒரு செக்லிஸ்ட் வச்சிருக்கேன்: ஆர்டர் நகல், பான், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டின ரசீது, எச்ஓடி கையெழுத்து போட்ட வருகைப் பதிவு. இதை முதல் நாளே ஒரு கவர்ல போட்டு அவர்கிட்ட கொடுத்து "சார் இதுல இருக்கறதை மட்டும் கொடுத்துடுங்க, மீதி ஆபீஸ் பார்த்துக்கும்"னு சொல்லுங்க.

டிடிஎஸ் (கொடுக்கறப்பவே பிடிக்கற வருமான வரி) பத்தியும் சொல்லிடுங்க. 2025 ஏப்ரல்ல இருந்து தொழில்முறைக் கட்டணம் வருஷத்துக்கு 50,000 தாண்டினா 10 சதவீதம் பிடிப்பாங்க, 67,500ல 6,750 போயிடும். வருமானம் வரி கட்ட வேண்டிய அளவுக்கு இல்லன்னா ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கிக்கலாம், நிறைய பேர் போடறதே இல்ல.

ஸ்டெப் 6: சேர்ந்து எடுக்கற வகுப்பு

இது இந்த வழிகாட்டியோட மையம், அதனால ஒரு வகுப்பையே எடுத்துக் காட்டறேன்.

ஹெல்த் பிலீஃப் மாடல் எல்லா சிலபஸ்லயும் இருக்கு. 1950கள்ல அமெரிக்க பொது சுகாதாரத் துறையில இருந்த சமூக உளவியலாளர்கள், இலவசமா டிபி எக்ஸ்ரே எடுக்க வேன் அவங்க பகுதிக்கே வந்தும் மக்கள் ஏன் வரலங்கற கேள்வியில இருந்து உருவாக்கினது. அதாவது அந்த தியரியே ஃபீல்டுல பிறந்ததுதான். ஆனா நம்ம வகுப்புல அது ஆறு டப்பா, நடுவுல அம்புக்குறின்னு போர்டுல முடிஞ்சுடுது, பசங்க மனப்பாடம் பண்ணி பத்து மார்க் வாங்கிட்டு மறந்துடறாங்க.

இப்போ இதை ரெண்டு பேர் எடுக்கறாங்கன்னு வைங்க. முதல் மணி நேரம் முழு நேர ஆசிரியர் தியரி எடுக்கறார்: நோய் எனக்கு வருமாங்கற நினைப்பு, வந்தா எவ்வளவு மோசம்ங்கற நினைப்பு, மருந்து எடுத்தா நல்லதுங்கற நம்பிக்கை, தடைகள், செயல்ல இறக்கற தூண்டுதல், என்னால முடியும்ங்கற தைரியம். ரெண்டாவது மணி நேரம் டிபி ப்ரோக்ராம்ல இருந்து ரிட்டயர் ஆனவர் வர்றார், பேர், ஊர் எல்லாம் மறைச்ச சிகிச்சை அட்டை நாலஞ்சு நகலை மேஜையில பரப்பறார். ஒரு அட்டையில ரெண்டாவது மாசத்தோட கட்டங்கள் காலி. "இவர் ஏன் நிறுத்தினார், சொல்லுங்க பார்ப்போம்"ங்கறார். பசங்க "விழிப்புணர்வு இல்ல சார்"ங்கறாங்க, எல்லா பேட்ச்லயும் முதல் பதில் அதுதான். அவர் தலையை ஆட்டிட்டு கேட்கறார், "ரெண்டு மாசம் மருந்து சாப்பிட்டவருக்கு விழிப்புணர்வு இல்லையா?" அப்புறம் ஒவ்வொண்ணா வருது. இருமல் நின்னுடுச்சு, எடை கூடுச்சு, இனி எனக்கு நோய் இல்லன்னு நினைச்சார். இன்னொரு அட்டை, முதல் வாரத்துலயே நின்னது: ரிஃபாம்பிசின் போட்டா மூத்திரம் ஆரஞ்சு கலரா போகும், அதை முன்னாடியே யாரும் சொல்லல, ரத்தம் போகுதுன்னு பயந்துட்டார். மூணாவது அட்டை, கட்டட வேலைக்கு வெளியூர் போனவர், போன இடத்துல மருந்து எங்க வாங்கறதுன்னு தெரியல. பசங்க ஒவ்வொரு அட்டையையும் போர்டுல இருக்கற ஆறு டப்பாவுல எதுல வைக்கறதுன்னு சண்டை போடுவாங்க, முழு நேர ஆசிரியர் அங்க நின்னு "இது தடையா, இல்ல பலன் மேல நம்பிக்கை போனதா"ன்னு தள்ளி விடுவார். வெளியூர் போனவரோட அட்டை எந்த டப்பாவுலயும் சரியா உட்காராது, அப்போ மனசுல இருக்கற நினைப்பை மட்டும் பார்க்கற தியரியோட எல்லை எங்க இருக்குன்னு தானா புரியும்.

இந்த வகுப்பை ரெண்டு பேர்ல யாராலயும் தனியா எடுத்திருக்க முடியாது.

2022ல தமிழ்நாட்டுல வந்த காசநோய் இறப்பில்லா திட்டத்தையும் இப்படியே எடுக்கலாம். டிபின்னு தெரிஞ்ச உடனே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காம நிக்க முடியுதான்னு பார்த்து ஆபத்துல இருக்கறவங்களை உடனே அட்மிட் பண்றது. அதைச் செஞ்ச ஒருத்தர் வந்து, அட்மிட் ஆகச் சொன்னா குடும்பம் என்ன சொல்லும், அங்க என்ன பேசணும்னு நடிச்சுக் காட்டினா அதுதான் கவுன்சலிங் பாடம்.

வயித்துப்போக்கு யூனிட்டுக்கு கிராம சுகாதார செவிலியரா இருந்த ஒருத்தங்களைக் கூப்பிடுங்க. ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில கலக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், "அந்த வீட்டுல ஒரு லிட்டர் அளக்க என்ன இருக்கு?"ன்னு அவங்கதான் கேட்பாங்க. துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்கணும், மூணாவது நாள் போக்கு நின்னதும் அம்மா நிறுத்திடுவாங்க, அந்த பதினோரு நாளுக்கு என்ன வார்த்தை சொல்லி கொடுக்க வைக்கறதுன்னு பசங்க ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லிப் பார்க்கணும். அந்தக்கா "இப்படிச் சொன்னா எம் புள்ளைக்குத்தான் சரியாயிடுச்சேம்பாங்க, அதுக்கு என்ன சொல்லுவ?"ன்னு மடக்குவாங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை, நோயாளி விவரம் வகுப்புக்கு வர்றப்போ பேர், போன் நம்பர், ஆதார், தெரு எதுவும் இருக்கக்கூடாது. எச்ஐவி, மனநலம் சம்பந்தப்பட்டதுன்னா இன்னும் கவனம், சின்ன ஊர்ல தொழிலும் வயசும் சொன்னாலே ஆள் தெரிஞ்சுடும்.

ஸ்டெப் 7: முதல் நாளுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

சிலபஸ், யூனிட் வாரியா எத்தனை மணி, கடைசி மூணு வருஷ கேள்வித்தாள், இன்டர்னல் மார்க் எப்படிப் பிரிக்கறீங்க, மாணவர் பட்டியல், அட்டெண்டன்ஸ் ஆப் லாகின், ஐடி கார்டு, கேட்ல நிறுத்தாம விட ஒரு வார்த்தை, உட்கார ஒரு மேஜை. கடைசி ரெண்டும் சின்ன விஷயமா தெரியும். வகுப்பு முடிஞ்சு சந்தேகம் கேட்கற பொண்ணை மரத்தடியில நிக்க வச்சு பேச வேண்டி வந்தா அடுத்த தடவை அவர் பேச மாட்டார், நேரா பஸ் ஸ்டாண்டுக்கு போயிடுவார். மேஜை கொடுக்க இடம் இல்லன்னா வாரத்துல ஒரு மணி நேரம் எச்ஓடி ரூமையாவது கொடுங்க.

இன்டர்னல் கம்ப்ளெயிண்ட்ஸ் கமிட்டி (பாலியல் தொல்லை புகார் விசாரிக்கறது) யார், ராகிங் புகார் யார்கிட்ட, மனசு சரியில்லாத மாணவர் பேசினா யார்கிட்ட அனுப்பறதுன்னு ஒரு பக்கம் அச்சடிச்சு கொடுங்க. மாணவர்கள் வெளி ஆள்கிட்ட மனசு விட்டுப் பேசறது நிறைய நடக்கும்.

பொறுப்பு ஆசிரியர் ஒருத்தரை இவருக்குன்னு நியமிங்க, பேப்பர் வாரியா. "எதுனாலும் ஆபீஸ்ல கேளுங்க"ன்னா யாரும் இல்லன்னு அர்த்தம்.

ஸ்டெப் 8: மார்க்

பார்ட் டைம் ஆசிரியர் இன்டர்னல் மார்க் போடறதுல ரெண்டு பக்கமும் சாயும். மாணவர் ஃபீட்பேக் வச்சுத்தான் அடுத்த செமஸ்டர் கூப்பிடுவாங்கன்னு தெரிஞ்சா தாராளமா போடுவாங்க, மனுஷ இயல்பு. அதனால முதல் அசைன்மெண்ட்ல அஞ்சு பேப்பரை அவரும் பொறுப்பு ஆசிரியரும் தனித்தனியா திருத்தி ஒப்பிட்டுப் பாருங்க. எதுக்கு எத்தனை மார்க்னு ஒரு பக்க அளவுகோல் எழுதி வைங்க. ஐஇசி போஸ்டர் அசைன்மெண்ட்னா அழகுக்கு மார்க் போடறதை நிறுத்துங்க, அதை யாருக்காக செஞ்சாங்களோ அந்த மாதிரி அஞ்சு பேர்கிட்ட காட்டி என்ன புரிஞ்சதுன்னு கேட்டு எழுதினாங்களா, அதுக்கு அப்புறம் எதை மாத்தினாங்க, அதுக்குத்தான் மார்க்.

ஸ்டெப் 9: எவ்வளவு பேர் வரைக்கும்

இதைச் சொல்லாம விட்டா மேல சொன்ன எல்லாத்தையும் ஒரு மேனேஜ்மெண்ட் தப்பா எடுத்துக்கும், "பார்ட் டைம் ஆளே நல்லதுன்னு சொல்லிட்டாங்களே"ன்னு போஸ்ட் நிரப்பாம விட்டுடும்.

அமெரிக்காவுல என்ன ஆச்சுன்னு பாருங்க. அங்க நிரந்தரப் பாதையில இல்லாத ஆசிரியர்கள் 1987ல 47 சதவீதம், 2021ல 68 சதவீதம். பார்ட் டைம் மட்டும் பார்த்தா மூணுல ஒரு பங்கா இருந்தது கிட்டத்தட்ட பாதி ஆயிடுச்சு. அங்க இருக்கற பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1993லயே மொத்தப் பாடத்துல 15 சதவீதத்துக்கு மேலயும் எந்த ஒரு டிபார்ட்மெண்ட்லயும் 25 சதவீதத்துக்கு மேலயும் இப்படிப்பட்டவங்ககிட்ட போகக்கூடாதுன்னு சொன்னாங்க, யாரும் கேட்கல. ஆனா பொது சுகாதாரப் படிப்புகளுக்கு அங்க அங்கீகாரம் கொடுக்கற அமைப்பு ஒரு கோட்டைப் போட்டு வச்சிருக்கு, யுனிவர்சிட்டியில முழு நேர வேலையில இருந்து பாதி நேரத்துக்கு குறையாம அந்த ப்ரோக்ராமுக்கே வேலை செய்யற ஆசிரியர்கள் இத்தனை பேர் இருக்கணும்னு தனியா எண்ணறாங்க. வெளியில இருந்து வர்ற ஃபீல்டு ஆட்களையும் வேணும்ங்கறாங்க, ஆனா இவங்களை அந்த எண்ணிக்கையில சேர்க்க விடறதில்ல. இந்த ரெண்டையும் தனித்தனியா எண்ணற பழக்கம் நமக்கும் வேணும்.

உங்க டிபார்ட்மெண்ட் கோட்டைத் தாண்டிடுச்சான்னு பார்க்க பெரிய கணக்கு வேணாம். டெசர்டேஷன் கைடு பண்ண ஆள் பத்தலையா, போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) கூட்டத்துக்கு உள்ளிருந்து போக ரெண்டு பேர் கூட இல்லையா, ஒரு பார்ட் டைம் ஆசிரியருக்கு பொறுப்பு ஆசிரியரா இன்னொரு பார்ட் டைம் ஆசிரியரைப் போட வேண்டியிருக்கா, அப்போ நீங்க தாண்டி ரொம்ப நாளாச்சு. அதை எழுத்துல எச்ஓடி மூலமா ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்புங்க, நாக் (கல்லூரிகளை மதிப்பிட்டு தரம் கொடுக்கற அமைப்பு) விசிட்டுக்கு தயாராகற வருஷத்துல அனுப்பினா பதில் சீக்கிரம் வரும்.

வகுப்பெடுக்க வரப் போறவங்களுக்கு

ஒத்துக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: ஆர்டர் எப்போ வரும், போன செமஸ்டர் கெஸ்டுக்கு காசு எப்போ கொடுத்தீங்க (இதை ஆபீஸ்ல கேட்காதீங்க, அந்த கெஸ்டையே கேளுங்க), பேப்பர் முழுக்க என் பொறுப்பா இல்ல சில யூனிட் மட்டுமா, கேள்வித்தாள் யார் எடுக்கறது, ஃபீல்டு விசிட்டுக்கு பஸ் யார் ஏற்பாடு பண்றது. கூச்சப்படாதீங்க, நீங்க தானம் கேட்டு போகல.

முதல் தடவைன்னா ரெண்டு யூனிட்டுக்கு மேல எடுத்துக்காதீங்க. உங்க அனுபவத்துல இருந்து பத்து சம்பவத்தை எழுதி வச்சுக்கோங்க, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல சிலபஸ்ல எந்த வரியோட சேருதுன்னு பொறுப்பு ஆசிரியரோட உட்கார்ந்து குறிங்க. எதோடயும் சேராத சம்பவம் எவ்வளவு சுவையா இருந்தாலும் டீ குடிக்கறப்போ சொல்லிக்கலாம்.

ஸ்டெப் 10: திரும்ப வர வைக்கறது

செமஸ்டர் முடிஞ்சதும் மாணவர் ஃபீட்பேக்கை பார்ட் டைம் ஆசிரியருக்கு காட்டுங்க, நம்பர் மட்டும் இல்ல, எழுதினதையும். அவரோட கருத்தையும் எழுதி வாங்குங்க, சிலபஸ்ல எது பழசாயிடுச்சுன்னு முதல்ல சொல்றது அவராத்தான் இருக்கும். நிக்ஷய் போஷன்ல (சத்துணவுக்கு அரசு கொடுக்கற உதவித்தொகை) டிபி நோயாளிக்கு மாசம் 500 ரூபாய்னு நோட்ஸ்ல இருந்தா, 2024 நவம்பர்ல இருந்து அது 1,000 ஆயிடுச்சுன்னு திருத்தறவர் அவர்தான். அந்தக் குறிப்பை கூட்டத்துல வைங்க, முடிஞ்சா அவரையே போர்டு ஆஃப் ஸ்டடீஸுக்கு வெளி நிபுணரா கூப்பிடுங்க.

ஒற்றைப்படை செமஸ்டருக்கு ஏப்ரல் கடைசியிலயும் இரட்டைப்படைக்கு அக்டோபர்லயும் பேசி முடிச்சுடுங்க, ஜூன்லயும் நவம்பர் கடைசியிலயும் ஆர்டர் டைப் ஆகி இருக்கட்டும். பழைய பில் பாக்கி இருந்தா புது ஆர்டரை நீட்டறதுக்கு முன்னாடி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல நீங்களே போய் நின்னு அதை முடிச்சுட்டு போன் பண்ணுங்க.